இலை கொட்டிய செடியை வெட்டலாமா? ஹூஸ்டன் குளிரும் ஈசூன் மழையும்

கேள்வி இதுதான். சிங்கப்பூர் ஈசூனில் நான்காம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. தாழ்வாரத்தின் ஓரம் மூன்று தொட்டிகள்: கறிவேப்பிலை, குண்டுமல்லி, செம்பருத்தி. டிசம்பர், ஜனவரி மழை முடிந்ததும் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. இப்போது பிப்ரவரி கடைசியில் மூன்றும் குச்சியாக நிற்கின்றன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டிலும் ஜனவரிக் குளிரில் செம்பருத்தியும் அரளியும் கருகிவிட்டன. "குளிர் அடிச்ச செடிம்மா, வெட்டாதீங்க, வசந்தம் வரைக்கும் காத்திருங்க" என்கிறாள் மகள். பக்கத்து வீட்டுக்காரரோ அடியோடு வெட்டி உரம் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அக்கா, மகள் சொல்வதில் பாதி உங்களுக்கும் பொருந்தும். வெட்டாதீர்கள். உரமும் போடாதீர்கள். ஆனால் சும்மா காத்திருந்தால் உங்கள் செடி பிழைக்காது. ஹூஸ்டன் செடிக்கு அடி விழுந்தது தலையில். உங்கள் செடிக்கு அடி விழுந்தது காலில். அங்கே மேலே இருப்பது கருகியிருக்கிறது, மண்ணுக்குள் வேர் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. இங்கே குச்சிக்கு நேரடியாக ஒன்றும் ஆகவில்லை, வேர் மூச்சு முட்டிக் கிடக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி மொட்டைச் செடிதான். அதனால்தான் ஒரு ஊர் வைத்தியத்தை இன்னொரு ஊருக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகிறோம்.

சிங்கப்பூரில் செடிக்குக் குளிர் அடிப்பது என்று ஒன்று கிடையாது. மழைக்காலத்தில் நமக்கு 22 டிகிரியே ஸ்வெட்டர் தேடும் குளிராகத் தெரியும். ஆனால் இந்தத் தீவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், அது 1989 பிப்ரவரியில். மல்லிகையும் செம்பருத்தியும் அதைப் பொருட்படுத்தவே மாட்டா. வெப்பமண்டலச் செடிகளுக்குத் தொந்தரவு தொடங்குவது ஏறக்குறைய 10, 12 டிகிரிக்குக் கீழே. உறைபனி வேண்டாம், அந்தக் குளிரிலேயே அவற்றின் செல் சவ்வு விறைத்துப்போய் வேர் தண்ணீர் இழுப்பது குறைந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும். ஈசூன் தாழ்வாரத்தில் அந்த நிலை வராது.

இங்கே வருவது மழை. சிங்கப்பூரில் டிசம்பர் மாதத்துக்கு மட்டும் சராசரியாக 330 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் வேகம் கூடும் நாள்களில் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும். 2025 ஜனவரியில் அப்படி ஒருமுறை, முழு ஜனவரி மாதத்துக்கான சராசரியைவிட அதிகமான மழை சாங்கியில் இரண்டு நாளில் பெய்தது. அந்த மழை சாய்ந்து அடிக்கும். நான்காம் மாடியானாலும் தாழ்வாரத்தின் வெளிச்சுவரை ஒட்டி வைத்த தொட்டி முழுக்க நனையும். வெயிலும் இல்லாததால் மண் காயவே காயாது.

வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்துதான் அது அதை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் நின்றுவிட்டால், ஆக்சிஜன் அதன் வழியே பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். நாலைந்து நாளில் மெல்லிய உறிஞ்சு வேர்கள் சாகத் தொடங்கும். செத்த வேரைத் தின்ன பித்தியம், பைட்டோஃப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சைகள் வரும். அவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை என்பதால் ஊறிக் கிடக்கும் தொட்டி அவற்றுக்கு நல்ல வாய்ப்பு.

இதற்குப் பிறகு வருவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஜனவரி கடைசியில் மழை நின்று, காற்று மட்டும் வீசும் காய்ந்த காலம் தொடங்கும். நம் ஊரில் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் பிப்ரவரிதான். பாதி வேரை இழந்த செடிக்கு அந்தக் காற்றில் தண்ணீர் இழுத்துக் கொடுக்க முடியாது. செடி வாடும். நாம் வாட்டத்தைப் பார்த்து, "அடடா, தண்ணி பத்தலை போல" என்று காலையும் மாலையும் ஊற்றுவோம். ஏற்கெனவே முங்கிக் கிடக்கும் வேர் இன்னும் முங்கும். மழையில் தப்பித்த செடிகூட பிப்ரவரியில் நம் கையால் போய்விடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த அம்மா ஆசையாக வளர்த்த குண்டுமல்லி அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம் முடிந்ததும் இலை கொட்டியது. நான் பதறிப்போய் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். நர்சரி ஒன்றில் சொன்னார்கள் என்று ஒரு பிடி உரமும் போட்டேன். மூன்று வாரத்தில் அடித்தண்டு கறுத்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்ப்பந்து முழுக்கக் கறுப்பு, சாக்கடை நாற்றம். முதல் வாரமே கவிழ்த்துப் பார்த்திருந்தால் அந்தச் செடி இன்றைக்கும் இருந்திருக்கும். அன்றிலிருந்து யார் வாடிய செடியைக் காட்டினாலும், சமூகத் தோட்டத்தில் நான் முதலில் கேட்பது "வேரைப் பாத்தீங்களா?" என்பதுதான்.

முதலில் உங்கள் மகளுக்கானதைச் சொல்லிவிடுகிறேன்.

குளிரில் தண்ணீர் முதலில் உறைவது செல்லுக்குள் அல்ல, செல்களுக்கு இடையே. அப்படி உறைந்த பனி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். செல் வற்றிச் சுருங்கி அதன் சவ்வு கிழியும். வெயில் வந்து பனி உருகியதும் இலை வெந்த கீரை போலத் துவண்டு தொங்கும். இரண்டொரு நாளில் கறுக்கும். அதோடு தண்டுக்குள் எவ்வளவு தூரம் சேதம் இறங்கியிருக்கிறது என்பது வெளியே உடனே தெரியாது. சில கிளைகள் உயிரோடு இருப்பது போலவே இருந்து, ஒரு மாதம் கழித்துப் பட்டை வெடித்துக் காயும்.

"வெட்டாதே" என்று அங்கே சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். எது உயிர், எது பிணம் என்று தெரியாமல் வெட்டினால் உயிருள்ளதும் போகும். இன்னொன்று, கிளையின் நுனியை வெட்டினால் கீழே உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஹூஸ்டனில் மார்ச் தொடக்கத்தில்கூட ஒரு உறைபனி வரக்கூடும். அப்போது அந்த இளந்துளிர்தான் முதலில் கருகும். ஒருமுறை துளிர்க்கச் சேமித்து வைத்த மாவுச்சத்து வீணாகி, இரண்டாவது முறை துளிர்க்கச் செடிக்குத் தெம்பு இருக்காது. கருகிய இலையும் குச்சியும் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கீழே இருக்கும் தண்டுக்குப் போர்வைதான். விட்டுவிடச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வாழை, கல்வாழை போன்ற சதைப்பற்றுள்ள தண்டுகள் குளிரில் கூழாகிவிட்டால் அவற்றை வெட்டி எடுத்துவிட வேண்டும். அழுகல் கீழே கிழங்குக்கு இறங்கிவிடும். கட்டைத் தண்டுள்ள செம்பருத்திக்கும் அரளிக்கும்தான் காத்திருப்பு.

மகள் நம்பிக்கை இழக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் முழுவதும் அடித்த குளிர் அவளுக்கு நினைவிருக்கலாம். அந்த மாதம் 16ஆம் தேதி டாலஸில் மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. எத்தனையோ தோட்டங்களில் அரளி தரைமட்டம் வரை கருகி, செத்ததென்றே எண்ண வைத்தது. அவற்றில் பல அந்த வசந்தத்திலும் கோடையிலும் அடியிலிருந்து புதுக் குருத்து விட்டன. மண் ஒரு போர்வை. மேலே காற்று உறைந்தாலும் ஓர் அடி ஆழத்தில் ஹூஸ்டன் மண் உறைவது அரிது. ஆகவே மார்ச் நடுவில், இனி உறைபனி வராது என்று ஆன பிறகு, துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து அதற்குச் சற்று மேலே வெட்டட்டும். தண்டில் துளிரே இல்லையென்றால் உடனே பிடுங்கக் கூடாது. மே மாதம் வரை அடியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அரளி வெட்டும்போது கையுறை போட வேண்டும், வெட்டிய குச்சியை எரிக்கக் கூடாது. அதன் பாலும் புகையும் நஞ்சு. ஒட்டுக் கட்டிய ரோஜாவோ எலுமிச்சையோ கருகியிருந்தால், ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும் துளிர் அவள் வாங்கிய செடியுடையது அல்ல, அடிச்செடியுடையது. அது எவ்வளவு செழிப்பாக வந்தாலும் நம்பி வளர்க்கக் கூடாது.

அடுத்த குளிருக்கு முன்னேற்பாடு எளிது. உறைபனி வருமென்று அறிவித்தால் முதல் நாளே மண்ணுக்கு நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். ஈர மண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்து இரவில் விடும். பிறகு பழைய பருத்திப் புடவையையோ படுக்கை விரிப்பையோ செடியின் மேல் போட்டு, தரை வரை தொங்கவிட்டு, ஓரங்களில் கல் வைக்க வேண்டும். செடியைக் கழுத்தில் கட்டிய மூட்டை போலக் கட்டினால் மண்ணிலிருந்து வரும் சூடு உள்ளே ஏறாது. பிளாஸ்டிக் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். தொட்டிச் செடிகளை வீட்டுக்குள் தூக்கி வைப்பதே நல்லது, ஏனென்றால் தொட்டி மண்ணுக்குப் பூமியின் சூடு கிடைக்காது.

இனி உங்கள் மூன்று தொட்டிகள்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுனிக் கிளையில் தொடங்கி, பெருவிரல் நகத்தால் ஒரு அரிசி அளவுக்குப் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து, நகத்தில் பொடியாக வந்தால் அந்த இடம் போய்விட்டது. நாலு விரல் கீழே இறங்கி மறுபடியும் சுரண்டுங்கள். இப்படியே பச்சை தெரியும் வரை இறங்குங்கள். பச்சை கண்ட இடத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் சுரண்டிப் பார்த்தால் சேதம் இறங்குகிறதா நின்றுவிட்டதா என்று தெரியும். கறிவேப்பிலைக்குப் பட்டை கறுத்திருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது, சுரண்டினால் மட்டுமே தெரியும். சுரண்டும்போது கறிவேப்பிலை வாசனை வந்தால் அதுவே பாதி நல்ல செய்தி.

அடுத்ததாகத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மண் ரொம்பக் காயாமலும் சொதசொதப்பாக இல்லாமலும் இருக்கும் ஒரு காலையில், தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் தட்டுங்கள். செடியின் அடித்தண்டை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே உருவுங்கள். இழுக்க வேண்டாம், வழுக்கி வரட்டும்.

முதலில் மோந்து பாருங்கள். மழை பெய்த காட்டு மண் போல இருந்தால் நல்லது. புளித்த, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த மண்ணில் காற்று இல்லை என்று அர்த்தம். பிறகு வேரும் மண்ணும் சேர்ந்த பந்தின் அடிப்பகுதியைப் பாருங்கள், சேதம் அங்கேதான் தொடங்கும். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் ஈரச் சட்டை போலக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே ஒரு மெல்லிய நூல் மட்டும் நிற்கும். இதை ஒருமுறை விரலில் உணர்ந்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டீர்கள். கறிவேப்பிலையின் பெரிய வேர் இயல்பாகவே பழுப்பாக இருக்கும் என்பதால் நிறத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அதற்கு இந்த இழுத்துப் பார்க்கும் சோதனைதான் சரி.

பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால் கவலை இல்லை. அடியில் ஊறிப்போன மண்ணை மட்டும் விரலால் உதிர்த்துவிட்டு, அழுகிய நுனிகளைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புது மண் கலவையில் வையுங்கள். பெரும்பகுதி அழுகியிருந்தால் குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசி, போனதெல்லாம் வெட்டி, முன்பு இருந்ததைவிடச் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டி கொடுத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும், மறுபடியும் அதே கதைதான். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை டெட்டால் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்கு மட்டும் வேரை முழுக்க அலச வேண்டாம். அதற்கு வேர் குலைவது பிடிக்காது. அடி மண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

மண் கலவை: கம்போஸ்ட் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, பெர்லைட்டோ (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல்) எரிமலை மணலோ ஒரு பங்கு. கீழே ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் சொல்வார்கள். அது நடப்பதில்லை. மென்மையான மண்ணிலிருந்து பெரிய கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஊறி நிற்கும், அதாவது வேர் இருக்கும் இடத்துக்கு ஈரத்தை நாமே உயர்த்தி வைக்கிறோம். ஜல்லிக்குப் பதிலாகத் தொட்டியின் அடியில் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அந்த இரண்டு அங்குல இடைவெளி செய்யும் வேலையை எந்த மருந்தும் செய்யாது. தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் நீர் வேருக்கும் கெடுதல், டெங்கிக் கொசுவுக்கும் தொட்டில். தொட்டிகளை நகர்த்தும்போது தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் அகலம் விட வேண்டும் என்ற தீயணைப்பு விதியையும் நினைவில் வையுங்கள்.

மாற்றி வைத்த இரண்டு மூன்று வாரம் செடிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் நண்பகல் வெயில் வேண்டாம். காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரம் என்றால் அப்படியே விடலாம். மேற்கு வெயில் என்றால் சுவரை ஒட்டி உள்ளே தள்ளி வையுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதை மாற்றுவதுதான் கடினம், பழக்கம் விடாது. நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மேலே எவ்வளவு காய்ந்திருந்தாலும் ஊற்றாதீர்கள். பிப்ரவரிக் காற்றில் மேல் மண் அரை நாளில் வெளுத்துவிடும், அது நம்மை ஏமாற்றும். தண்ணீர் விட்ட உடனே தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், நாலு நாள் கழித்து மறுபடியும் தூக்கிப் பாருங்கள். எடை வித்தியாசம் கைக்குப் பழகிவிட்டால் விரலே தேவைப்படாது. ஊற்றும்போது அடியில் வடியும் வரை முழுதாக ஊற்றுங்கள், பிறகு காய விடுங்கள்.

உரம் இப்போது வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் உரம் என்பது உப்பு. உறிஞ்ச வேர் இல்லாதபோது அது மண் நீரில் சேர்ந்து, இருக்கும் வேரிலிருந்தும் நீரை இழுத்துக்கொள்ளும். நீர் தேங்கிய மண்ணில் இலை மஞ்சளாவதும் பெரும்பாலும் சத்து இல்லாததால் அல்ல, இருக்கும் சத்தை எடுக்க வேர் இல்லாததால். இரண்டு சுற்றுப் புது இலை வந்து முற்றிய பிறகு, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி கொடுங்கள்.

வெட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் மல்லிகைக்குக் கவாத்து செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் மல்லிகைப் புதரைத் தரையிலிருந்து முக்கால் முழம், ஒரு முழம் விட்டு வெட்டிவிடுவார்கள். மார்ச்சில் பூக்க ஆரம்பித்துவிடும். "அங்கே வெட்டினால் துளிர்க்கிறதே, இங்கே ஏன் கூடாது?" என்ற கேள்வி நியாயமானது. அங்கே வெட்டப்படுவது ஆண்டு முழுக்கத் தின்று கொழுத்த வேருள்ள செடி. வெட்டியதும் அந்த வேர் சேமிப்பை மேலே தள்ளும். உங்கள் மல்லிக்கு இப்போது தள்ளக் கையில் ஒன்றும் இல்லை. குச்சியில் இருக்கும் மாவுச்சத்தைக் கொண்டுதான் அது புது வேரும் விட வேண்டும், புது இலையும் விட வேண்டும். அந்தக் குச்சியை வெட்டி எறிவது பசியில் கிடப்பவர் வீட்டு அரிசிப் பானையைத் தூக்கிப் போவது போன்றது. தொட்டால் ஒடியும் காய்ந்த நுனிகளை மட்டும் ஒடித்துவிடுங்கள். மே மாதவாக்கில் இலை நிறைந்து நின்றால் அப்போது தைரியமாகக் கவாத்து செய்யலாம்.

மூன்றும் ஒரே வேகத்தில் மீளாது. செம்பருத்திதான் முதலில் துளிர்க்கும், மூன்று நான்கு வாரத்தில் கணுக்களில் பச்சைப் புள்ளி தெரியலாம். ஆனால் அந்த இளந்துளிரில் மாவுப்பூச்சி வரும், நலிந்த செடியை அது தேடி வரும். வெள்ளைப் பஞ்சு கண்டால் அன்றே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், திரும்பவும் வந்தால் மாலை நேரத்தில் வேப்பெண்ணெயைச் சில துளி பாத்திர சோப்புத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். மல்லி கொஞ்சம் தாமதிக்கும். கறிவேப்பிலை ரொம்பப் பொறுமையைக் கேட்கும். இரண்டு மாதம் குச்சியாகவே நிற்பதும் உண்டு. தலை முழுக்கக் காய்ந்தாலும் வேரிலிருந்து பக்கக் கன்று விடும் குணம் அதற்கு உண்டு. அடித்தண்டைச் சுரண்டிப் பச்சை தெரிந்தவரை தூக்கி எறியாதீர்கள். தேக்கா சந்தையில் கறிவேப்பிலை எப்போதும் கிடைக்கும்தான், ஆனால் கையால் வளர்த்த செடியிலிருந்து தாளிப்புக்கு ஒரு கொத்து ஒடிப்பது வேறு சுகம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வேர் முழுக்கப் போய்விட்டது, ஆனால் தண்டில் பச்சை இருக்கிறது என்றால் மல்லியிலும் செம்பருத்தியிலும் இன்னொரு வழி உண்டு. பென்சில் தடிமனுள்ள பச்சைத் தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, ஈரமான கோகோபீட்டும் பெர்லைட்டும் சரிபாதி கலந்து அதில் இரண்டு கணு புதையும்படி நட்டு, நிழலில் வையுங்கள். ஐந்தாறு குச்சி வைத்தால் ஒன்றிரண்டாவது பிடிக்கும். அம்மாவின் மல்லிக்கு நான் இதைச் செய்யவில்லை. அடித்தண்டு கறுத்த பிறகுதான் யோசித்தேன்.

வரும் ஆண்டுக்கு ஒன்று: நவம்பர் முதல் வாரத்தில், மழை தொடங்குமுன், மூன்று தொட்டியின் ஓட்டைகளையும் குச்சி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள், இறுகிப்போன மேல் மண்ணைக் கிளறிவிடுங்கள், தொட்டிகளைச் சாரல் படாத பக்கம் தள்ளி வையுங்கள். நம் மேம்பாலங்களில் காகிதப்பூ காய்ந்த நாள்களில் எப்படிப் பூத்துத் தள்ளுகிறது என்று பாருங்கள். அது வறட்சியைத் தாங்கும், ஊறலைத் தாங்காது. உங்கள் மூன்று செடிகளும் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் அந்தப் பக்கம் சாய்ந்தவைதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பருத்தியிலிருந்து தொடங்குங்கள், அதுதான் நம் தவறைப் பொறுத்துக்கொள்ளும். கை பழகிய பிறகு மல்லி, கடைசியில் கறிவேப்பிலை. மூன்றிலும் வேர் என்ன நிறம், என்ன வாசனை, இழுத்தால் தோல் கழன்றதா, அடித்தண்டில் எந்த உயரத்தில் பச்சை தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். எதை அதே தொட்டியில் விடலாம், எதிலிருந்து உடனே குச்சி வெட்டி நட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.